சோடி பிரித்த கதை: ஊர்காவற்றுறை 1970

2018ஆம் ஆண்டு யூலை 18ஆம் நாள் ரொறன்ரோ நகரின் கூடைப்பந்தாட்ட இரசிகர்கள் ஓர் அதிர்ச்சிச் செய்தியுடன் கண்விழித்தனர். ராப்டர்ஸ் அணி தன் இரட்டை நட்சத்திரங்களுள் ஒருவரான டிமார் டிரோசனைச் சான் அன்ரோனியோ அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து கவாய் லெனார்டைப் பெற்றுக்கொண்டது. டிரோசன் 2009 முதல் ஒன்பது பருவங்கள் அந்த அணிக்காகவே ஆடியவர். 2012இல் வந்து சேர்ந்த கைல் லவ்ரி அவருடைய இணைபிரியாத் தோழர். இந்தச் சோடியைப் பிரிக்கலாமா என்ற வாதம் அதற்கு முன்பே பல காலமாக நடந்துகொண்டிருந்தது. பிரிக்க வேண்டும் என்றவர்களுக்கு வலுவான காரணம் ஒன்று இருந்தது. 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கிளீவ்லாண்ட் என்ற ஒரே சுவரில் அந்த அணி தலையை மோதிக்கொண்டு வீடு திரும்பியது. கடைசி ஆண்டில் 59 ஆட்டங்களை வென்று கிழக்குப் பிரிவில் முதலிடம் பெற்றிருந்தும் அதே கதைதான். பிரிக்கக்கூடாது என்றவர்களோ விசுவாசத்தைப் பற்றிப் பேசினர். தம்மை அனுப்பமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள் என டிரோசனே வெளிப்படையாக மனம் நொந்தார். 2019 யூன் 13ஆம் நாள் ராப்டர்ஸ் முதன்முறையாகச் சம்பியனாயிற்று. அடுத்த மாதமே லெனார்ட் வேறு அணிக்குப் போய்விட்டார்.

ரொறன்ரோ, நம் தீவகத்து மக்கள் திரளாக வாழும் நகரம். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று ஊர்ப் பெயர்களைச் சுமந்த சங்கங்களுக்கு அங்கே குறைவில்லை. அந்த வீடுகளில் பிள்ளைகள் டிரோசனுக்காகவும் லவ்ரிக்காகவும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, இதே வழக்கு தம் பாட்டன்மாரின் தொகுதியில் அரை நூற்றாண்டுக்கு முன்னர் விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் வழங்கப்பட்டது என்பதை அறிந்திருப்பார்களா என்பது ஐயமே. அங்கே பந்து இல்லை, வளையம் இல்லை. அணியின் பெயர் இலங்கைத் தமிழரசுக் கட்சி. சோடியில் ஒருவர் தந்தை செல்வா. மற்றவர் ஊர்காவற்றுறைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வி. நவரத்தினம்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. சாவகச்சேரியின் உறுப்பினராக இருந்தவர் வி. என். நவரத்தினம். ஊர்காவற்றுறையின் உறுப்பினர் வி. நவரத்தினம். ஒரே கட்சி, ஒரே காலம், ஏறத்தாழ ஒரே பெயர். இந்த இருவரையும் ஒருவராக்கி எழுதப்பட்ட கட்டுரைகளை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். இக்கட்டுரையில் இருவருமே வருகிறார்கள். ஆகவே வாசகர்கள் சற்று விழிப்பாக இருத்தல் நன்று.

கதையைச் சரியாகச் சொல்வதானால் அதற்கும் முந்திய ஒரு சோடியிலிருந்து தொடங்க வேண்டும். 1944இல் ஜி. ஜி. பொன்னம்பலம் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தொடக்கினார். அவர் குற்றவியல் வழக்குகளில் நீதிமன்றத்தை அதிரவைத்த பேச்சாளர். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். சிவில் சட்ட நிபுணர், மெலிந்த தேகம், மெல்லிய குரல். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலுமாக அப்போது இருந்த ஏழு தொகுதிகளில் ஆறு காங்கிரசின் கைக்கு வந்தன. கைக்கு வராத அந்த ஒன்று எது என்று நினைக்கிறீர்கள்? ஊர்காவற்றுறைதான். அங்கே சுயேச்சையாக நின்ற ஏ. எல். தம்பியையா வென்றார். 1952இலும் அவரே வென்றார். குடாநாடு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தீவுகள் தம் கணக்கைத் தாமே பார்க்கும் என்பதற்கு இது முதற் சான்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1948இல் பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சரானார். அவ்வாண்டு டிசெம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமை மசோதா சபைக்கு வந்தபோது பொன்னம்பலம் அதை ஆதரித்தார், செல்வநாயகம் எதிர்த்தார். மலையகத் தமிழருக்கு இன்று இழைக்கப்படும் அநீதி நாளை நமக்கும் இழைக்கப்படும் என்பது செல்வநாயகத்தின் நிலைப்பாடு. அத்தோடு சோடி பிரிந்தது. 1949 டிசெம்பர் 18ஆம் நாள் கொழும்பு மருதானையில் தமிழரசுக் கட்சி பிறந்தது. செல்வநாயகம் தலைவர். கோப்பாய்க் கோமான் கு. வன்னியசிங்கமும் இரும்பு மனிதர் என்று பெயர் பெற்ற டாக்டர் இ. மு. வி. நாகநாதனும் அவருடன் வந்தனர். நாகநாதனோடு இணைச் செயலாளராக அமர்ந்தவர் கரம்பொனைச் சேர்ந்த சட்டத்தரணி வி. நவரத்தினம். தனிநாயகம் அடிகளை ஈன்ற அதே கரம்பொன்தான். 1949 தமிழர் அரசியலில் சோடிகள் பிரிந்த ஆண்டு போலும். அதே ஆண்டு செப்ரெம்பர் 17ஆம் நாள் சென்னையில் பெரியாரிடமிருந்து விலகி அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடக்கினார்.

முதற் பிரிவு சரியானதா? 1952 தேர்தலில் காங்கிரசுக்கு நான்கு ஆசனங்கள், தமிழரசுக் கட்சிக்கு இரண்டு. காங்கேசன்துறையில் செல்வநாயகமே தோற்றார். அன்றைக்குக் கேட்டிருந்தால் 'நல்ல அணியைப் பாழாக்கிவிட்டார்' என்றே பெரும்பாலோர் சொல்லியிருப்பர். 1956இல் கேட்டிருந்தால் பதில் வேறு. தனிச் சிங்களச் சட்டத்தின் நிழலில் நடந்த அத்தேர்தலில் தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது. காங்கிரசில் பொன்னம்பலம் ஒருவரே மிஞ்சினார். ஊர்காவற்றுறையும் அம்முறை வி. ஏ. கந்தையாவை அனுப்பித் தமிழரசுக் கட்சியோடு சேர்ந்துகொண்டது. பிரிவு சரியா பிழையா என்பதை எந்த ஆண்டில் நின்று பார்க்கிறோம் என்பதே தீர்மானிக்கிறது. ஆனால் ஒன்று: 1949இல் பிரிந்தவர் பதவியை விட்டுக் கொள்கையை எடுத்துக்கொண்டு போனார். அந்த வேறுபாட்டை மக்கள் ஏழாண்டுகளிலாவது கண்டுகொண்டனர்.

இனி நம் சோடிக்கு வருவோம். செல்வநாயகம் முகம், நவரத்தினம் மூளை என்று சொன்னால் அது செல்வநாயகத்துக்குச் செய்யும் அநீதியாகும். அவருடைய சட்டப் புலமைக்கு முன் நிற்கக்கூடியவர்கள் கொழும்பிலேயே சிலர்தான். ஆயினும் கட்சிக்காரர்கள் நவரத்தினத்தைத் 'தங்க மூளை' என்று அழைத்தது உண்மை. கூட்டாட்சிக் கோரிக்கையை மேடை முழக்கத்திலிருந்து சட்ட வாசகமாக மாற்றும் வேலை பெரும்பாலும் அவரிடம் வந்தது. 1957 யூலையில் பண்டாரநாயக்காவுடன் நடந்த பேச்சுக்களில் செல்வநாயகத்தின் பக்கத்தில் இருந்தவர்களுள் அவரும் ஒருவர். யூலை 26ஆம் நாளுக்குரிய அந்த ஒப்பந்தத்தின் வரைவு வேலையில் அவருடைய கை இருந்தது. பிராந்திய சபைகள், குடியேற்றத்தில் அச்சபைகளுக்குரிய அதிகாரம் ஆகியவற்றை உள்ளடக்கிய அவ்வொப்பந்தம் 1958 ஏப்பிரலில் கிழித்தெறியப்பட்ட கதை எல்லோரும் அறிந்தது. 1961இல் யாழ். கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகம் நடந்தது. அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தலைவர்கள் பனாகொடை முகாமில் அடைக்கப்பட்டனர். இத்தனைக்கும் நவரத்தினம் நாடாளுமன்ற உறுப்பினரல்லர். 1963இல் கந்தையா மறைந்ததை அடுத்து நடந்த இடைத்தேர்தலில்தான் அவர் ஊர்காவற்றுறையின் உறுப்பினராகிச் சபைக்குள் போனார். வன்னியசிங்கம் 1959இலேயே மறைந்துவிட்டார். ஆகவே சபையில் செல்வநாயகத்துக்குப் பக்கபலமாக நிற்கக்கூடிய மூத்த மூளை நவரத்தினமாகவே இருந்தது. அமிர்தலிங்கம் அப்போது அடுத்த தலைமுறை.

1965 மார்ச்சுத் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்குப் பதினான்கு ஆசனங்கள். ஐக்கிய தேசியக் கட்சிக்கு அறுபத்தாறு. டட்லி சேனநாயக்காவுக்கு ஆட்சியமைக்கத் துணை வேண்டியிருந்தது. மார்ச்சு 24ஆம் நாள் டட்லியும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தனர். மாவட்ட சபைகள் அமைக்கப்படும். தமிழ்மொழிக்கு வடக்குக் கிழக்கில் நிருவாகத் தகுதி. குடியேற்றத்தில் உள்ளூர்த் தமிழருக்கு முன்னுரிமை. பதிலுக்குத் தமிழரசுக் கட்சி அரசாங்கத்தை ஆதரிக்கும். செல்வநாயகம் அமைச்சுப் பதவியை ஏற்கவில்லை. கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் செனற் சபைக்கு நியமிக்கப்பட்டு உள்ளூராட்சி அமைச்சரானார். மூன்று உறுப்பினர்களோடு வந்த பொன்னம்பலத்தின் காங்கிரசும் அதே அரசாங்கத்தை ஆதரித்தது. 1949இல் அமைச்சரவையை முன்னிட்டுப் பிரிந்த இருவரும் பதினாறு ஆண்டுகள் கழித்து ஒரே அமைச்சரவையின் பக்கம் அமர்ந்திருந்த அந்தக் காட்சியை அக்காலப் பத்திரிகையாளர் எத்தனைபேர் இரசித்திருப்பார்களோ தெரியாது.

மூன்று ஆண்டுகள் ஓடின. 1966 சனவரியில் தமிழ்மொழி ஒழுங்கு விதிகள் நிறைவேறின. நடைமுறையில் பெரிதாக ஒன்றும் நகரவில்லை. மாவட்ட சபைகள் பற்றிய வெள்ளை அறிக்கை 1968இல்தான் வந்தது. வந்த வேகத்தில், எதிர்க்கட்சிகளின் எதிர்ப்புக்கும் தன் கட்சிக்குள் கிளம்பிய முணுமுணுப்புக்கும் அஞ்சி டட்லி அதைக் கைவிட்டார். ஒப்பந்தத்தின் உயிர் அதில்தான் இருந்தது.

அதே 1968இல் இன்னொரு மசோதா வந்தது. ஆட்பதிவு மசோதா. குடிமக்கள் அனைவருக்கும் அடையாள அட்டை. பின்னாளில் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் என்றானது அதுவே. இன்று பார்த்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அன்றைய நிலையை வைத்துப் பாருங்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 975,000 மலையகத் தமிழரை எண்ணிக்கைகளாகப் பிரித்திருந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேரின் தலைவிதி பின்னர் பேசித் தீர்க்கப்படும். யார் எந்தக் கணக்கில் என்பதே முடியாத நிலையில், அட்டை உள்ளவர், அட்டை இல்லாதவர் என்ற ஒரு கோட்டை அரசாங்கம் இழுக்கிறது. அட்டை இல்லாத தமிழர் தெருவில் நின்றால் அவர் யார்? அந்தக் காலத்தில் அதற்கு ஒரு சொல் தயாராக இருந்தது: 'கள்ளத்தோணி'.

நவரத்தினம் இம்மசோதாவைக் கண்டு துணுக்குற்றதில் அவர் எந்தத் தொகுதியின் உறுப்பினர் என்பதற்கும் பங்குண்டு என்பது என் கருத்து. ஊர்காவற்றுறைத் தொகுதியின் வாக்காளர் கடலால் பிரிக்கப்பட்டவர்கள். பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைக்கு வரலாம். அங்கிருந்து புங்குடுதீவுக்கும் தாம்போதி உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேதான். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். நெடுந்தீவுக்கு அப்பால் கச்சதீவு, அதற்கப்பால் இராமேசுவரம். கள்ளக்குடியேற்றத் தடுப்பு என்ற பெயரில் படையினர் வடகரையில் நிலைகொண்டிருந்த காலம் அது. வள்ளத்தில் போகும் தமிழனை நிறுத்தி 'நீ எந்தக் கரையான்?' என்று கேட்பது அங்கே அன்றாட நிகழ்வு. கொழும்பு ஏழாம் வட்டாரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அடையாள அட்டை ஒரு நிருவாக வசதி. பாக்கு நீரிணையின் ஓரத்தில் இருப்பவருக்கு அது வேறு பொருள்.

கட்சி அரசாங்கத்தின் பங்காளி. பங்காளி என்ற முறையில் மசோதாவை ஆதரிப்பது என்று முடிவாயிற்று. நவரத்தினம் முடிவை மீறி எதிர்த்தார். கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

இப்போது 1948ஐயும் 1968ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பேசுபொருள் ஒன்றே: மலையகத் தமிழரின் குடியுரிமை நிலை. இரண்டிலும் கட்சித் தலைமை ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்தின் பக்கத்தில் அமர்ந்திருந்தது. இரண்டிலும் ஓர் உறுப்பினர் தம் கட்சியை மீறி எதிர்த்தார். 1948இல் மீறியவர் செல்வநாயகம். 1968இல் மீறியவரை நீக்கிய கட்சியின் தலைவர் செல்வநாயகம். அவரை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஈழத் தமிழர் அரசியலில் அவரளவு தன்னலமற்ற இன்னொரு தலைவரைக் காட்டுவது கடினம். ஆயினும் வரலாறு அவரைப் பொன்னம்பலத்தின் நாற்காலியில் ஒருமுறை அமர்த்திப் பார்த்தது என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

நீக்கியது சரிதான் என்று வாதிட இடமில்லாமல் இல்லை. கூட்டரசாங்கத்தில் இருக்கும் ஒரு கட்சிக்குப் பதினான்கு வாக்குகள்தான் முதல். அந்தப் பதினான்கும் ஒன்றாக விழும் என்ற நம்பிக்கைதான் பேரம் பேசும் வலு. ஒருவர் தம் மனச்சான்றின்படி வாக்களிக்கலாம் என்றால் மற்றவரும் கேட்பார். கட்டுப்பாடு இல்லாத அணி அணியாகாது. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பேரத்தில் கிடைத்தது என்ன என்று கேட்டால் வாதம் அங்கேயே தள்ளாடுகிறது. மாவட்ட சபை அவ்வாண்டே செத்துப்போயிற்று. திருகோணமலைக் கோணேசர் கோயில் சூழலைப் புனித நகராக்கும் விடயத்தில் பிரதமரோடு முரண்பட்டுத் திருச்செல்வமும் அதே 1968இல் அமைச்சுப் பதவியைத் துறந்தார். 1969 ஏப்பிரலில் தமிழரசுக் கட்சியே அரசாங்கத்துக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டது. அதாவது, எந்த உறவைக் காப்பாற்றுவதற்காக நவரத்தினத்தை வெளியே அனுப்பினார்களோ அந்த உறவு அவருக்குப் பின்னால் ஓராண்டு அளவுதான் நின்றுபிடித்தது.

இங்கேதான் ரொறன்ரோக்காரர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். டிரோசனைக் கொடுத்தபோது பதிலுக்கு லெனார்டை வாங்கினார்கள். ஓராண்டுக்கு மட்டும் என்றாலும் வாங்கினார்கள். தமிழரசுக் கட்சி தன் தங்க மூளையைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு எதையும் வாங்கவில்லை.

நவரத்தினம் சும்மா இருக்கவில்லை. 1969இல் தமிழர் சுயாட்சிக் கழகம் என்ற புதுக் கட்சியைத் தொடக்கினார். கூட்டாட்சி என்பது கிடைக்காத ஒன்று. தமிழர் தம்மைத் தாமே ஆள வேண்டும் என்பது அதன் சாரம். கட்சிக்கு ஒரு பத்திரிகையும் வேண்டுமல்லவா? தமிழரசுக் கட்சியிடம் செல்வநாயகம் 1947இல் தொடக்கிய 'சுதந்திரன்' இருந்தது. நவரத்தினம் 'விடுதலை' என்று ஒன்றை நடத்தினார். யூதர் இசுரேலை உருவாக்கிய கதையைச் சொல்லும் லியோன் யூரிசின் 'எக்சோடஸ்' நாவலைத் தழுவி 'நமக்கென்றொரு நாடு' என்று அதில் தொடராக எழுதினார். அச்சடித்த பிரதிகள் பெரிய எண்ணிக்கையில் விற்றிருக்க வாய்ப்பில்லை. ஆனால் சில பத்திரிகைகளின் செல்வாக்கை விற்பனையைக் கொண்டு அளக்க முடியாது. அதை வாசித்தவர்களில் பள்ளிக்கூட மாணவர்களும் இருந்தனர். அம்மாணவர்கள் வளர்ந்து என்ன செய்தார்கள் என்பது வேறொரு நீண்ட கதை.

1970 மே மாதம் பொதுத் தேர்தல். நவரத்தினம் தம் சொந்தத் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். தமிழரசுக் கட்சி அவருக்கு எதிரே நிறுத்தியவர் வேலணையைச் சேர்ந்த பண்டிதர் கா. பொ. இரத்தினம். திருக்குறளைப் பரப்பும் பணியில் பெயர் பெற்ற தமிழறிஞர். 1965இல் கிளிநொச்சியில் வென்றவர். அவரைக் கிளிநொச்சியிலிருந்து எடுத்துத் தீவுக்குக் கொண்டுவந்ததைக் கவனியுங்கள். கரம்பொனுக்கு எதிரே வேலணை. ஒரு தீவுக்காரரை வீழ்த்த இன்னொரு தீவுக்காரர். கட்சி தன் தேர்தல் அறிக்கையில், நாட்டைப் பிரிக்கக் கோரும் எந்த இயக்கத்துக்கும் ஆதரவு அளிக்க வேண்டாம் என்று தமிழ் மக்களைக் கேட்டுக்கொண்டது. பெயரைச் சொல்லாவிட்டாலும் அம்பு யாரை நோக்கி எய்யப்பட்டது என்பது ஊர்காவற்றுறையில் எவருக்கும் விளங்கும்.

இரத்தினம் வென்றார். நவரத்தினம் தோற்றார்.

ஏன்? தீவுகள் தம் கணக்கைத் தாமே பார்க்கும் என்று முன்னர் சொன்னேன். 1947இல் குடாநாடு முழுவதும் காங்கிரசுக்குப் போட்டபோது தனியனாகிய தம்பியையாவை அனுப்பிய தொகுதி, 1970இல் தனியனாகிய நவரத்தினத்தை ஏன் கைவிட்டது? எனக்குத் தோன்றும் விடை இது. தம்பியையா கப்பல் தொழிலில் செல்வம் திரட்டியவர்; மக்கள் அவரைத் தனிமனிதராக அறிந்திருந்தனர். நவரத்தினத்தையோ மக்கள் கட்சியின் ஆளாகவே அறிந்திருந்தனர். அவர் திறமை காட்டிய இடம் பேச்சுவார்த்தை மேசை. வாக்காளர் அந்த மேசையைப் பார்த்ததில்லை. ஒப்பந்த வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றி எழுதியவரை நெடுந்தீவின் பனந்தோப்பில் இருப்பவர் எப்படி நினைவில் வைத்திருப்பார்? அவருக்குத் தெரிந்தது வீட்டுச் சின்னமும் தந்தை செல்வாவின் முகமும்.

தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1972 ஒக்டோபரில் திராவிட முன்னேற்றக் கழகம் எம். ஜி. ஆரை நீக்கியது. கருணாநிதி, எம். ஜி. ஆர். என்ற சோடி அத்தோடு உடைந்தது. 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நீக்கப்பட்டவரின் புதுக் கட்சி வென்றது. நீக்கிய கட்சி மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. எம். ஜி. ஆருக்கு ஊருக்கு ஊர் இரசிகர் மன்றம் இருந்தது. அது ஏற்கெனவே ஒரு கட்சிதான், பெயர்தான் இல்லை. நவரத்தினத்துக்கு இருந்தது ஒரு தொகுதியும் ஒரு சிறு பத்திரிகையும். கிழக்கு மாகாணத்தில் அவருக்கு ஆளில்லை. வன்னியில் ஆளில்லை. நீக்கப்பட்டதும் அவசரப்பட்டுக் கட்சி தொடக்கியது அவர் செய்த தவறு என்றே நான் எண்ணுகிறேன். சபையில் தனியாளாக இருந்துகொண்டே, அட்டைச் சட்டத்தையும் கைவிடப்பட்ட மாவட்ட சபையையும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போயிருந்தால், 1970இல் கட்சி தானாகவே அவரைத் தேடி வந்திருக்கவும் கூடும். ஏனென்றால் அத்தேர்தலில் தமிழரசுக் கட்சி அடைந்ததும் வெற்றியல்ல. பதினான்கு பதின்மூன்றாயிற்று. வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கமும் நல்லூரில் இரும்பு மனிதர் நாகநாதனும் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றனர். கிளிநொச்சியில், இரத்தினம் விட்டுவந்த ஆசனத்தை, காங்கிரசின் வி. ஆனந்தசங்கரி எடுத்துக்கொண்டார். ஊர்காவற்றுறையைக் காக்கப் போனவர்கள் கிளிநொச்சியைத் தொலைத்தார்கள். கொழும்பிலோ சிறிமாவின் ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டுக்கும் மேற்பட்ட பெரும்பான்மையோடு வந்து அமர்ந்தது. இனிப் பேரம் பேச யாருக்கும் தேவை இருக்கவில்லை.

பழைய சோடியின் கதைக்கு ஒரு வியப்பான முடிவும் உண்டு. 1970இல் யாழ்ப்பாணத் தொகுதியில் தமிழரசுக் கட்சியின் சி. எக்ஸ். மாட்டினிடம் தோற்ற பொன்னம்பலம், 1972 மே 14ஆம் நாள் திருகோணமலையில் தமிழர் கூட்டணி உருவானபோது செல்வநாயகத்தோடு மீண்டும் ஒரே அணியில் வந்து சேர்ந்தார். 1976 மே 14ஆம் நாள் பண்ணாகத்தில் கூடிய மாநாடு வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை நிறைவேற்றியது: தமிழருக்குத் தனியரசு. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் நாட்டைப் பிரிக்கக் கோருவோரை ஆதரிக்காதீர் என்று தேர்தல் அறிக்கை எழுதியவர்களே, இப்போது அதைக் கோரினார்கள். அதே மாதம் துண்டுப்பிரசுரம் விநியோகித்த குற்றச்சாட்டில் தலைவர்கள் கைதாயினர். யூரிமாரில்லாத விசேட நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டவர்கள் நால்வர்: அமிர்தலிங்கம், சாவகச்சேரி வி. என். நவரத்தினம், பருத்தித்துறை க. துரைரத்தினம், ஊர்காவற்றுறை கா. பொ. இரத்தினம். தனிநாட்டுக்காரரைத் தோற்கடிக்கவெனத் தீவுக்கு அனுப்பப்பட்ட பண்டிதர், தனிநாடு கேட்ட வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அவருக்காக அறுபதுக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் வந்தனர். முன்வரிசையில் பொன்னம்பலமும் செல்வநாயகமும் அமர்ந்திருந்தனர். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் பிரிந்த சோடி, கடைசியாக ஒரே பக்கம் ஆடிய ஆட்டம் அதுதான். 1977 பெப்ரவரி 9ஆம் நாள் பொன்னம்பலமும், ஏப்பிரல் 26ஆம் நாள் செல்வநாயகமும் மறைந்தனர். நால்வரும் விடுதலையாயினர்.

நவரத்தினத்தை ஏன் யாரும் திரும்ப அழைக்கவில்லை? அமைச்சர் பதவிக்காகப் பிரிந்தவர் என்று கால் நூற்றாண்டாக ஏசப்பட்ட பொன்னம்பலத்துக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. தனியரசு என்ற சொல்லைத் தேர்தல் மேடையில் முதலில் வைத்தவர்களுள் ஒருவராகிய நவரத்தினத்துக்கு, அச்சொல்லைக் கட்சியே எடுத்துக்கொண்ட பின்னரும் பழைய இடம் கிடைக்கவில்லை. எதிரியாக இருந்தவரை மன்னிப்பது எளிது. நம்மைவிட முந்திச் சொன்னவரை மன்னிப்பது கடினம் போலும். தீர்மானங்களுக்குச் சட்ட உருக்கொடுக்கக்கூடிய, ஒவ்வொரு பேரத்திலும் அடியில் உள்ள பொறியைக் கண்டு சொல்லக்கூடிய ஒரு மனிதர் 1972 முதல் 1977 வரையான அந்த ஆண்டுகளில் வெளியே நின்றார். உள்ளே இருந்திருந்தால் தனியரசு என்ற சொல்லுக்கு அப்பால், அதற்குப் போகும் வழி என்ன என்ற கேள்வியையாவது அவர் கேட்டிருப்பார். அந்தக் கேள்வியைக் கட்சி கேட்கவில்லை. இளைஞர்கள் கேட்டார்கள், தமக்குத் தெரிந்த விடையையும் தாமே எழுதிக்கொண்டார்கள்.

1977 யூலையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனியரசுக்கு ஆணை கேட்டு நின்று பதினெட்டு ஆசனங்களை வென்றது. ஊர்காவற்றுறை மீண்டும் இரத்தினத்தையே அனுப்பியது. 1970இல் தோற்கடித்த கோரிக்கைக்கு, 1977இல் அதே தொகுதி, அதே மனிதர் மூலம் வெற்றி கொடுத்தது. 1983இல் பிரிவினையை நிராகரித்துச் சத்தியம் செய்யவேண்டும் என்று ஆறாம் திருத்தம் வந்தபோது கூட்டணி உறுப்பினர்கள் தம் ஆசனங்களை இழந்தனர். ஊர்காவற்றுறை ஆசனமும் அவற்றோடு போயிற்று.

நவரத்தினம் தம் கடைசிக் காலத்தைக் கனடாவில் கழித்தார். தமிழ்த் தேசத்தின் வீழ்ச்சியும் எழுச்சியும் என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு நூலை எழுதிவைத்தார். 1957, 1965 ஆகிய இரு ஒப்பந்தங்களின் உள்ளறைக் கதைகளை அறிய விரும்புவோர் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். நீக்கியவர்களில் எவரும் அப்படியொரு நூலை எழுதவில்லை.